ஐயாவின் ஜீப்பை விற்கும்போது எந்தக் குறையைச் சொல்வது?

தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது மேலுக்கு விலைக் கேள்வி மாதிரி தெரிகிறது. ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, 1967இல் வாங்கிய மகிந்திரா சி.ஜே. 3பி ஜீப். ஐயா காலமான பிறகு வீட்டுப் பின்வாசல் கொட்டகையில் வருடக்கணக்காகக் கிடந்ததை எடுத்து, இரண்டு வருடம் மெனக்கெட்டு, ஆறே முக்கால் லட்சம் செலவழித்து ஓட வைத்திருக்கிறார். இப்போது குடும்பத்தோடு சென்னைக்குப் போவதால் விற்க வேண்டியிருக்கிறது. மிச்சமுள்ள குறைகளை அவரே எழுதியிருக்கிறார்: ஸ்டியரிங் ஆடுகிறது, இரண்டாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது, அடியில் ஆயில் சொட்டுகிறது, பின்பக்கத் தரைத் தகட்டில் கொஞ்சம் பட்டி (பள்ளத்தை நிரப்பித் தேய்க்கிற பூச்சு) போட்டிருக்கிறது. கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரி: ஆர்.சி. புக்கில் பெட்ரோல் என்று இருக்கிறது, வண்டியில் இருப்பது 1980களில் ஐயா மாற்றிய டீசல் எஞ்சின், புக்கும் இன்னும் ஐயா பேரில்தான். ‘பழைய ஜீப் வாங்குகிறவன் எல்லாம் தெரிந்துதான் வாங்குவான், நீ வாயைத் திறக்காதே’ என்கிறாராம் நண்பர். ‘வேர்ல்டு வார் வில்லீஸ்னு போடுங்க, விலை ஏறும்’ என்கிறாராம் புரோக்கர்; உலகப் போரில் ஓடிய அமெரிக்க ஜீப் அது. எல்லாவற்றையும் சொன்னால் எவ்வளவு குறையும், சொல்லாமல் விட்டால் தப்பா என்பது தம்பியின் கேள்வி.

அவர் குறைகளை எழுதியிருக்கிற வரிசையைத் தலைகீழாகப் படிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. முதலில் எழுதிய நாலும் பட்டறையில் தீரக்கூடியவை. கடைசியாக ஒதுக்கி எழுதிய வரியில்தான் இந்த வியாபாரமே தொங்கிக்கொண்டிருக்கிறது.

நான் காரைக்குடியில் முப்பத்து நாலு வருடமாக ஜீப் பட்டறை வைத்திருப்பவன். மதுரையில் ஒரு மேஸ்திரியிடம் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பையனாகத் தொடங்கியது. இதுவரை வாங்கி விற்றதும், வாங்க வந்தவர்களுக்காகப் பார்த்துச் சொன்னதுமாக ஒரு நாற்பது ஐம்பது பழைய ஜீப்புகள் கையில் வந்து போயிருக்கும். வக்கீல் இல்லை. உங்கள் வண்டியை நேரில் பார்த்ததும் இல்லை. அதனால் இயந்திரத்தைப் பற்றி நான் சொல்வதில் பாதி, நீங்கள் எழுதியதிலிருந்து ஊகித்தது. பேப்பர் விஷயம் அப்படி இல்லை, அதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் குறை எது, வண்டியின் குணம் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஜீப்பில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலுக்கும் பிரேக் ஆயில் போவது ஒரே இணைப்பில். எந்த ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் பெடல் மொத்தமாக உள்ளே இறங்கிவிடும். கியர் மூன்றுதான், முதல் கியருக்கு சிங்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கிற வளையம்) கிடையாது, வண்டி நின்ற பிறகுதான் சத்தமில்லாமல் விழும். பவர் ஸ்டியரிங் இல்லை, பெல்ட் இல்லை, மழை வந்தால் இரண்டு பக்கமும் நனைவீர்கள். இதெல்லாம் குறையில்லை. ஆனால் இன்றைக்கு ஜீப் வாங்க வருகிற பையன்கள் பெரும்பாலும் 2010க்குப் பிறகு வந்த மகிந்திரா ‘தார்’ ஜீப் ஓட்டிப் பழகியவர்கள். அதே ஞாபகத்தில் இதையும் மிதிப்பார்கள். ஓட்டிப் பார்க்க வரும்போது முதலில் நீங்கள் ஓட்டிக் காட்டிவிட்டு, அப்புறம் சாவியைக் கொடுங்கள்.

ஆயில் சொட்டுவது பற்றி. ‘ஆயில் சொட்டாத ஜீப்பில் ஆயிலே இல்லை’ என்று எங்கள் பட்டறையில் ஒரு பேச்சு உண்டு. சிரித்துவிட்டு விட்டுவிடலாம், ஆனால் எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்த்த பிறகு சிரியுங்கள். கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருப்பது ஃபோர் வீல் கியர் பாக்ஸ், நாலு சக்கரத்துக்கும் இழுவை பிரித்துக் கொடுப்பது. அதன் பின்பக்கம், சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்குகிற இடத்தில்தான் ஹேண்ட் பிரேக் டிரம்மும் உட்கார்ந்திருக்கிறது. அங்கே இருக்கிற ஆயில் சீல் போனால் ஆயில் தரையில் விழுவதற்கு முன் ஹேண்ட் பிரேக் லைனிங்கில் ஊறும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. நீங்கள் ஹேண்ட் பிரேக்கைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ஒரு சின்னச் சரிவில் நிறுத்தி இழுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் உங்களிடம் இருப்பது ஒரு குறை இல்லை, இரண்டு. சீல் மலிவு, வேலை ஒரு நாள். இதை விற்பதற்கு முன்னால் முடித்துவிடலாம். இன்னொன்று: அந்த இரண்டு கியர் பாக்ஸுக்கும் நடுவே ஆயில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கசிவது பழைய ஜீப்பில் சகஜம். ஒன்றில் அளவு சரியாக இருக்கிறதே என்று மற்றதைப் பார்க்காமல் விடாதீர்கள். இரண்டு மூடியையும் திறந்து பாருங்கள்.

இரண்டாம் கியர் கழல்வதை நீங்கள் ஒரு தொந்தரவு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். லிவரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டினால் நிற்கிறது என்றும் சொல்கிறீர்கள். காரைக்குடி - தேவகோட்டை ரோட்டில் அது தொந்தரவுதான். தட்டையான ஊர், எங்கேயும் இறக்கம் கிடையாது. ஆனால் பழைய ஜீப் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் மலைக்குக் கொண்டுபோகிறவர்கள். சிறுமலை, கொடைக்கானல் கீழ்ப்பக்கம், கொல்லிமலை. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும்தான் இந்தக் கியர் கழலும். எஞ்சின் பிடித்துக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நியூட்ரலில் உருளும். மிச்சம் இருப்பது மேலே சொன்ன ஒற்றை இணைப்பு டிரம் பிரேக். இதைச் சொல்லிவிட்டு விற்பதுகூட எனக்கு ஒப்பவில்லை. கியர் பாக்ஸை இறக்கிச் சரிசெய்துவிட்டு விற்கச் சொல்வேன். காரணம் சிங்க்ரோ தேய்மானமாக இருக்கலாம், மெயின் ஷாஃப்ட் பேரிங் ஆட்டமாக இருக்கலாம், மேல் மூடிக்குள் இருக்கிற ஷிஃப்டர் ராடின் குழி தேய்ந்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ இருக்கலாம். கடைசியில் சொன்னதாக இருந்தால் மூடியை மட்டும் கழற்றினால் போதும், அதனால் அதிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். டீசல் எஞ்சினின் உதறலும் இழுவையும் பழைய மூன்று கியர் பாக்ஸைச் சீக்கிரம் தேய்க்கிறது என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

ஸ்டியரிங் ஆட்டத்துக்கு ஒரு சட்ட அளவே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதிப்படி ஸ்டியரிங் வீலில் வெற்று ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்கு உள்ள தூரம் அவ்வளவுதான். வண்டியை நேராக நிறுத்தி, வீலில் ஒரு துண்டு டேப் ஒட்டி, முன் டயர் அசையத் தொடங்குகிற வரை திருப்பிப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். ‘கொஞ்சம் ஆட்டம் இருக்கு’ என்று எழுதினால் ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு ஆட்டம் ஓடும். ‘இருபது டிகிரி’ என்று எழுதினால் பேச்சு முடிந்தது. ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். பாதி மெக்கானிக்குகள் நேராக ஸ்டியரிங் பாக்ஸின் அட்ஜஸ்ட் ஸ்குரூவைப் பிடித்து முறுக்குவார்கள். முறுக்கினால் ஆட்டம் அன்றைக்குக் குறையும், நடுவில் இறுகிப் பிடித்து உள்ளே இருக்கிற பின் இன்னும் தேயும். அதற்கு முன் சேஸின் முன்பக்கம் நடுவில் இருக்கிற பெல் கிராங்க், டை ராட் எண்டுகள், கிங் பின் பேரிங் என்ற மூன்று ஸ்டியரிங் இணைப்புகளையும் ஒருவர் வீலை ஆட்ட இன்னொருவர் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். அகல டயர் போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. இந்த வண்டிக்கு வந்தது 6.00-16 அளவு. இப்போதைய மோகத்துக்கு அகல டயர் மாட்டினால் நல்ல ஸ்டியரிங்கும் கெட்டுப்போனது மாதிரிதான் தெரியும்.

இப்போது பட்டி. இதில் எனக்கே ஒரு சூடு உண்டு. பதினேழு பதினெட்டு வருடம் முந்தி ஒரு எம்.எம். 540 (மகிந்திராவின் டீசல் ஜீப்) விற்றேன். டிரைவர் சீட்டுக்கடியில் தரைத் தகடு அரித்திருந்தது. வெட்டி எடுக்காமல் மேலே ஒரு புதுத் தகடு வைத்து, நாலு இடத்தில் வெல்டிங் தட்டி, பட்டி போட்டு, பெயின்ட் அடித்துவிட்டேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து மலை இறக்கத்தில் அந்தத் தகட்டோடு சேர்ந்து சீட் போல்ட் பிய்த்துக்கொண்டு வந்து, சீட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நல்லவேளை, வேகம் இல்லை. திரும்பி வந்தவர் சண்டை போடவில்லை. ‘அண்ணே, வேற என்ன இருக்கு?’ என்று மட்டும் கேட்டார். வேறு ஒன்றும் இல்லை என்பது சத்தியமான உண்மை. அதை அவர் நம்பவே இல்லை. என் செலவில் தகட்டை மாற்றிக் கொடுத்த பிறகும் நம்பவில்லை. போகும்போது வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லா இடத்தையும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதனால் பின்பக்கத் தரையில் ‘கொஞ்சம் பட்டி’ என்கிறீர்களே, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். அரித்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங் செய்து, தையல் தெரியாமலிருக்க மேலே பட்டி தடவியிருந்தால் அது நல்ல டிங்கரிங். யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை. அரிப்பின் மேலேயே பட்டி என்றால் அது வேறு. சாதாரணக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றித் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். மெல்லிய பட்டிக்கு மேல் காந்தம் பிடிக்கும், கனத்த பட்டியில் வழுக்கிக்கொண்டு போகும். வாங்க வருகிறவர்களில் விவரமானவர் பையில் காந்தத்தோடுதான் வருவார். அவர் கையெடுப்பதற்கு முன்னால் நீங்களே அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள். வேலை நடந்தபோது போனில் எடுத்த படங்கள் இருக்குமே, துருவோடு, ஓட்டையோடு, அசிங்கமாக. அவற்றை அழித்துவிடவில்லை என்று நம்புகிறேன். பளபளவென்று ஆயிரம் ஜன்னல் வீட்டுக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படத்தைவிட அந்த அசிங்கமான படங்களுக்குத்தான் மதிப்பு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கத் தெரிந்தவர்களைப் பாருங்கள். எனாமல் சட்டியை முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள். இரண்டு இடத்தில் பெயர்ந்த பழைய எனாமலுக்கு ஒரு விலை உண்டு, மேலே புதுசாகப் பெயின்ட் பூசியதைக் கீழே வைத்துவிடுவார்கள்.

புரோக்கர் சொன்ன ‘வேர்ல்டு வார் வில்லீஸ்’ கதையை அடியோடு மறந்துவிடுங்கள். சி.ஜே. 3பி என்ற மாடலே அமெரிக்காவில் 1953இல்தான் வந்தது, போர் முடிந்து எட்டு வருடம் கழித்து. இந்த மாடலோடு வந்த ‘எஃப் ஹெட்’ என்கிற பெட்ரோல் எஞ்சின் உயரமானது. அதற்கு இடம் கொடுக்கத்தான் உங்கள் வண்டியின் பானெட் தூக்கலாக இருக்கிறது. போரில் ஓடிய வில்லீஸ் எம்.பி. ஜீப்பில் பானெட் தாழ்ந்திருக்கும், கிரில்லில் ஒன்பது பிளவு இருக்கும், பின்னால் திறக்கிற கதவு கிடையாது. அப்புறம் வந்த சிவிலியன் ஜீப்புகளுக்குப் பிளவு ஏழு. இதை எண்ணிப் பார்க்கத் தெரிந்த பத்து வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். விளம்பரத்தில் முதல் வரியே பொய் என்று தெரிந்தால் நீங்கள் சொல்கிற இருபது டிகிரியையும் எவனும் நம்ப மாட்டான். 1967 மகிந்திரா, ஒரே குடும்பத்தில் இருந்த வண்டி, மெட்ராஸ் ஸ்டேட் என்று போட்ட முதல் ஆர்.சி. புக் கையில் இருக்கிறது என்பதற்கே மதிப்பு உண்டு. மாநிலத்தின் பெயர் 1969இல்தான் தமிழ்நாடு ஆனது, சிவகங்கை மாவட்டம் பிரிந்தது 1985இல். உங்கள் வண்டியின் ஆதி ஃபைல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தேடும்போது உதவும்.

சரி, இனி அந்தக் கடைசி வரி. ஆர்.சி.யில் பெட்ரோல், வண்டியில் டீசல். அந்தக் காலத்தில் செட்டிநாட்டில் இது நடக்காத வீடு குறைவு. பெட்ரோல் விலைக்கும் டீசல் விலைக்கும் மலையும் மடுவுமாக இருந்தது. எம்.எம். 540இல் வந்த பீஜோ டீசலையோ, மேட்டடார் வேன் எஞ்சினையோ, டிராக்டர் எஞ்சினையோ தூக்கி வைத்துவிடுவார்கள். முறையாக எழுதிக் கொடுத்து, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, புக்கில் பதிந்துகொண்டவர்களும் உண்டு. பதியாமல் விட்டவர்கள் அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். ஆர்.சி.யில் இருக்கிற விவரமும் கம்பெனி கொடுத்த அமைப்பும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கிச் சொன்னது. அதனால் இன்றைக்குப் போய் ‘நாற்பது வருடம் முந்தி மாற்றியதை இப்போது பதிந்து கொடுங்கள்’ என்று கேட்டால் சுலபமாக நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குப் பணம் கேட்கிறவரைக் கட்டாயம் நம்பாதீர்கள்.

ஆனால் புக்கின் எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டீர்களா? பழைய ஆர்.சி. நிஜமாகவே ஒரு புத்தகம். பின்பக்கங்களில் மையில் எழுதி முத்திரை குத்தியிருப்பார்கள். முன்பக்கத்தில் பெட்ரோல் என்று அடித்திருந்தாலும் உள்ளே எங்காவது எஞ்சின் மாற்றம் பதிவாகி, கம்ப்யூட்டரில் ஏற்றும்போது விடுபட்டுப் போனதை நான் இரண்டு வண்டிகளில் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் உங்கள் பிரச்சினை எழுத்துப்பிழை அளவுக்குச் சுருங்கிவிடும். இல்லை என்றால் இதை வாங்குகிறவரிடம் வாயால் மட்டும் சொன்னால் போதாது, எழுதியே கொடுக்க வேண்டும். ஏனென்றால் சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம், அதற்கு மேல் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க 25ஆம் எண் படிவத்தோடு வண்டியையே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், பானெட்டைத் திறந்து நம்பர் பார்ப்பார்கள். 20 வருடம் தாண்டிய கார், ஜீப் வகைக்குக் கட்டணம் 2025இல் ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரமாக ஏறியது வேறு. வாங்குகிறவர் பணத்தைக் கட்டிவிட்டு அங்கே போய் நின்று மாட்டிக்கொண்டால் நேராக உங்கள் வாசலுக்குத்தான் வருவார். கொட்டகையில் கிடந்த வருடங்களில் உங்கள் பதிவே காலாவதியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தத் தேதியையும் பாருங்கள். பேப்பரில் பெட்ரோல் என்று வைத்து எடுத்த இன்சூரன்ஸும் விபத்து என்று வரும்போது கைவிரிக்க இடம் கொடுக்கும்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு ‘விண்டேஜ்’ பதிவு என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2021 ஜூலையில் அதற்கென்று விதிகள் வந்தன. தனி நம்பர், நடுவில் வி.ஏ. என்ற எழுத்து, பத்து வருடச் செல்லுபடி, புதுப் பதிவுக்கு இருபதாயிரம் கட்டணம். ஆனால் அது சேஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாமல் ஆதி நிலையில் இருக்கிற வண்டிக்கு. டீசல் இருக்கிறவரை உங்களுக்கு அந்தக் கதவு இல்லை. கிடைத்தாலும் அந்த நம்பரோடு கண்காட்சிக்கும் ராலிக்கும்தான் எடுக்கலாம், தினமும் கடைத்தெருவுக்கு ஓட்ட முடியாது. ஆகவே விளம்பரத்தில் விண்டேஜ் என்ற சொல்லைப் போடாமல் ‘பழைய ஜீப்’ என்றே போடுங்கள்.

அடுத்தது ஐயா பேர். இறந்தவர் பேரில் இருக்கிற வண்டியை நேராக மூன்றாவது ஆளுக்கு விற்க முடியாது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, 31ஆம் எண் படிவத்தில் முதலில் உங்கள் பேருக்கோ அப்பச்சி (உங்கள் அப்பா) பேருக்கோ மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். நம் பக்கத்தில் இது எஞ்சினை இறக்குவதைவிடப் பெரிய வேலை. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், அத்தை மதுரையில். பங்காளிகளுக்குள் வீட்டுப் பங்குப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் ஜீப்பும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். நீங்கள் செலவழித்த ஆறே முக்கால் லட்சத்தை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்பது உங்கள் வீட்டுப் பேச்சு, நான் தலையிடவில்லை. அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள் என்பது மட்டும்தான்.

‘சொல்லாமல் விட்டால் தப்பா’ என்றால், சட்டம் இதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 17ஆவது பிரிவுப்படி வெறுமனே பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. தெரிந்தே ஒன்றைத் திட்டமிட்டு மறைப்பது மோசடி. ஸ்டியரிங் ஆட்டம் ஓட்டிப் பார்க்கிற எவனுக்கும் தெரியும், அதைச் சொல்லாவிட்டாலும் பெரிய வில்லங்கம் இல்லை. அரிப்பின் மேல் பட்டி போட்டு விற்பதற்காகவே பெயின்ட் அடித்தால் அது மறைப்பதன் பக்கம் சாயும். ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி வாங்கிக்கொண்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள், மறைத்ததை அந்த வரி காப்பாற்றாது. இதற்கு மேல் நுணுக்கம் வேண்டுமானால் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். பட்டறைக்காரனாக நான் வைத்திருக்கிற அளவு இது: ஓட்டிப் பார்த்தால் தெரிவதைக் கேட்டால் சொல்லுங்கள், கழற்றிப் பார்த்தால்தான் தெரிவதைக் கேட்காமலே சொல்லுங்கள்.

ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. வருகிறவர்களின் முதல் கேள்வி அதுதான். மைலேஜுக்காக முன் புரப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் லிவரோடு ஓடுகிற ஜீப்புகள் ஏராளம். டீசல் மாற்றிய காலத்திலேயே உங்களுடையதிலும் கழற்றியிருக்கலாம், குனிந்து பாருங்கள். இருக்கிறது என்றால் தார் ரோட்டில் போட்டுக் காட்ட வேண்டாம். முன்னும் பின்னும் நேராகப் பூட்டிக்கொள்கிற அமைப்பு அது, பிடிமானமுள்ள ரோட்டில் திரும்பும்போது முறுக்கிக்கொள்ளும். வற்றிக் கிடக்கிற கண்மாய் மணலில் இறக்கிக் காட்டுங்கள். லோ ரேஞ்சும் (மெதுவான, இழுவை கூடிய கியர்) முன் ஆக்சில் சேர்ந்திருந்தால்தான் விழும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள், விழவில்லை என்று லிவரோடு மல்லுக்கட்டாதீர்கள்.

விலைக்கு வருகிறேன். உங்கள் ஆறே முக்கால் லட்சம் உங்கள் கணக்கு. வாங்குகிறவர் அதைக் கேட்டு ‘அப்படியா’ என்று தலையாட்டுவாரே தவிர அதைக் கொடுக்க மாட்டார். இதே மாடல், பேப்பர் சுத்தமாக, ஓடுகிற நிலையில் உங்கள் பக்கம் என்ன விலைக்குக் கைமாறியது என்று நாலு இடத்தில் விசாரியுங்கள். விளம்பரத்தில் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், கொடுத்த விலையைக் கேளுங்கள். மிச்ச வேலைக்கு உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பட்டறையில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி அதை அப்படியே கழித்துக்கொள்ளுங்கள். எஸ்டிமேட்டைக் காட்டினால் அவ்வளவுதான் கழியும். காட்டாவிட்டால் வருகிறவர் தன் பயத்துக்குத் தகுந்தபடி கழிப்பார். பயம் எப்போதும் எஸ்டிமேட்டைவிடப் பெரியதாகத்தான் இருந்திருக்கிறது. டீசல் விவகாரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்று எஸ்டிமேட் கிடையாது. தோட்டத்துக்குள் ஓட்ட வாங்குகிறவருக்கு அது பொருட்டே இல்லை, எஞ்சின் நம்பர் புக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்கிற சேகரிப்பாளர் வாசலோடு திரும்பிப் போவார். யாருக்கு விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விலை மாறும்.

ஒப்படைக்கிற அன்றைக்குக் குறைகளைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தேதி மட்டும் போதாது, மணியையும் எழுதுங்கள். அன்று சாயங்காலமே எங்காவது இடித்துவிட்டால் அந்த மணிதான் பேசும். பேர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களை நிரப்பாமல் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்பவர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். ‘அவர் மாற்றிக்கொள்வார்’ என்று விட்டுவிட்டால், ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. ரொக்கமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது, பேங்கில் போடச் சொல்லுங்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்று கேட்கிறேன். டீசல் வைத்தபோது கழற்றிய பழைய பெட்ரோல் எஞ்சின் எங்கே? நம் பக்கத்து வீடுகளில் உடைந்த ஊறுகாய் ஜாடியைக்கூட வெளியே போட மாட்டார்கள். அவ்வளவு கனமான இரும்பை ஐயா காயலான் கடைக்குக் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்கட்டுச் சாமான் அறையில், அண்டா குண்டானுக்குப் பின்னால், சாக்கு மூடி எங்காவது கிடக்கிறதா என்று அப்பத்தாவிடம் கேளுங்கள். கிடைத்தால் பிளாக்கின் முன்பக்கம், வாட்டர் பம்ப் உட்காருகிற மேட்டில் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து நம்பரைப் பாருங்கள். ஆர்.சி. புக்கில் இருக்கிற நம்பரும் அதுவும் ஒன்றாக இருந்தால், எஞ்சின் இறுகிப் போயிருந்தாலும் கவலையில்லை, அது வண்டியோடு சேர்த்து விற்க வேண்டிய பொருள். வாசலோடு திரும்பிப் போவார் என்று சொன்னேனே, அந்தச் சேகரிப்பாளர் அப்போது உள்ளே வந்து உட்காருவார். விளம்பரத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், முதலில் அந்த அறையைத் திறந்து பாருங்கள்.